மைக் யார் கையில்? – வாசகர் கேள்வி பதில்

(சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, 'வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வானொலி நிலையம் இருப்பது தெரியாமல் சென்னையில் பாதிப் பேர் இருக்கிறோம்' என்று எழுதியிருந்தேன். போகிற போக்கில் எழுதிய வரி அது. அதற்கு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கம் முழுவதும் போய்விட்டது. நான் சென்னையில் ஒரு கல்லூரியின் சமுதாய வானொலியில் நிகழ்ச்சி தயாரித்து ஓய்வு பெற்றவள் என்பதால், மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். சமையல் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.)

அண்ணா எஃப்.எம். என்பது அரசு வானொலியா, தனியார் வானொலியா? கோட்டூரிலேயே பல வருடமாக இருக்கிறேன். ஒருமுறை கூடக் கேட்டதில்லை.
– வாசகி, கோட்டூர்

இரண்டும் இல்லை அம்மா. ஆகாசவாணி, பிரசார் பாரதி என்ற அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனத்துடையது. ஆட்டோவில் காலையிலிருந்து அலறுகிற எஃப்.எம்.கள் ஏலத்தில் அலைவரிசை எடுத்த கம்பெனிகளுடையவை. உங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில், கிண்டி வளாகத்துக்குள் இருக்கிற அண்ணா எஃப்.எம். அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த நிலையம். 90.4 மெகாஹெர்ட்ஸ். சட்டத்தின் கணக்கில் அது 'சமுதாய வானொலி'. லாபத்துக்காக நடத்தக் கூடாது, சுற்றுவட்டார மக்களுக்காக நடத்த வேண்டும். அதுதான் நிபந்தனை.

2004 பிப்ரவரி 1 அன்று அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி அதைத் தொடங்கி வைத்தார். இந்தியாவில் ஒரு கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி அதுதான். பெருமைப்பட்டுக்கொள்ளலாம், உங்கள் தெருவுக்குப் பக்கத்துச் சங்கதி.

இதற்கெல்லாம் விதை போட்டது ஒரு கிரிக்கெட் சண்டை என்றால் நம்புவீர்களா? 1993-இல் ஹீரோ கோப்பைப் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று தூர்தர்ஷன் தரப்புக்கும் வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தகராறு வந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று சொல்லிவிட்டது. அரசின் தனிச் சொத்தும் இல்லை, பணம் உள்ளவன் சொத்தும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு பலர் பல வருடம் கேட்டுக் கேட்டு, 2002 கடைசியில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. தொண்டு நிறுவனங்களுக்கு 2006 நவம்பரில்தான் கதவு திறந்தது. அப்படி வந்த முதல் நிலையம் தெலங்கானாவில் இருக்கிற 'சங்கம் ரேடியோ', 2008 அக்டோபரில். அதை நடத்துபவர்கள் தலித் பெண்கள், விவசாயக் கூலிகள். பல்கலைக்கழகத்துக்கு முதலில் கிடைத்தது. ஆனால் இந்த வானொலி எதற்காக என்பதை எனக்குப் புரிய வைத்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இன்று மாலை 90.4-இல் வைத்துப் பாருங்கள். கேட்காமலே இருந்ததற்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். கல்லூரிக்காரர்களும் மதிலுக்கு வெளியே வந்து 'நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்வதில் கொஞ்சம் கூச்சக்காரர்கள்.

எட்டாவது வரைதான் படித்தேன். வேளச்சேரியில் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். பல்கலைக்கழகம், கல்லூரி நடத்துகிற வானொலியில் என்னைப் போன்றவர்கள் பேச முடியுமா? சிரிக்க மாட்டார்களா?
– வாசகி, வேளச்சேரி

சிரித்தால் அவர்கள் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூரிலேயே, உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொண்டு தயாராக வேண்டும் என்பது விதி. பேராசிரியர்களை மட்டுமே பேச வைத்து அந்தப் பாதியை நிரப்புகிற நிலையங்கள் உண்டு. அது விதியை ஏய்ப்பது என்றுதான் நான் சொல்வேன்.

எங்கள் நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிற ஒரு அம்மாவைப் பேச வைக்கப் போனோம். நல்ல மீனைப் பார்த்து வாங்குவது எப்படி என்பதுதான் தலைப்பு. கூட வந்த மாணவி ரெக்கார்டரை நீட்டியதுதான் தாமதம், அதுவரை எங்களை 'இன்னாம்மா வோணும்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அன்பார்ந்த நேயர்களே, மீன் என்பது உடலுக்கு மிகவும் நல்லதாகும்" என்று ஆரம்பித்துவிட்டார்! செய்தி வாசிப்பவர் தோற்றார். மாணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நான் முறைத்தேன்.

ரெக்கார்டரை அணைக்காமல், கவிழ்த்துப் போட்ட ஒரு ஐஸ் பெட்டி மேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றோம். ஒருவர் வஞ்சிரம் கேட்டு வந்தார். அந்த அம்மா மீனின் செவுளைத் தூக்கிக் காட்டி, "பாரு, ரத்தம் மாரி இருக்குதா இல்லியா? இதே காவி நெறமா இருந்தா நானே உனக்குக் குடுக்க மாட்டேன். கண்ணப் பாரு, துருத்திக்கினு இருக்குது. உள்ள போயிருந்தா பழசு. வயித்த அமுக்கு, பள்ளம் வுழுதா பாரு" என்று பொரிந்து தள்ளினார். நடுவில் விலை பேரம். பக்கத்தில் அரிவாள்மணையில் செதில் உரசுகிற சத்தம். அதை அப்படியே ஒலிபரப்பினோம். பின்னணி இரைச்சலைக் கணினியில் வடிகட்டிவிடலாம் என்றான் ஒரு பையன். வேண்டாம் என்றேன். இரைச்சல் போனால் மார்க்கெட்டும் போய்விடும்.

நிகழ்ச்சி போன மறுநாள், எப்போது திரும்பப் போடுவீர்கள் என்று கேட்டு வந்த அளவுக்கு அழைப்புகள், ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் வந்து அரை மணி நேரம் புரதம் பற்றிப் பேசியதற்கு வரவில்லை. நிபுணர் நல்லவர்தான், பாவம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நிலையத்துக்கு நேரில் போங்கள், மாணவர்கள்தான் இருப்பார்கள். 'நிகழ்ச்சி செய்ய வந்தேன்' என்று சொல்லுங்கள். எழுதிப் படிக்காதீர்கள். காலை 5 மணிக்கு மாவுக் கரண்டி பிடிப்பதிலிருந்து, கடன் சொல்லிச் சாப்பிடுகிறவர்களிடம் எப்படிக் காசு வாங்குகிறீர்கள் என்பது வரை பேசுங்கள். சொல்லப்போனால் அந்தக் கடைசி விஷயத்துக்கு நானே நேயராக உட்கார்ந்துவிடுவேன்.

எங்கள் வட்டாரத்து வானொலி என்கிறீர்கள். வட்டாரச் செய்தி ஒன்று கூட வருவதில்லையே, ஏன்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சைதாப்பேட்டை

சரியான இடத்தில் குட்டுகிறீர்கள் ஐயா. காரணம் நிலையங்கள் இல்லை, விதி. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. வேண்டுமானால் ஆகாசவாணியின் செய்தியை ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, விளையாட்டு, திருவிழா, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், பேரிடர் எச்சரிக்கை, சுகாதார அறிவிப்பு போன்றவை 'செய்தி' கணக்கில் சேராது, அவற்றைச் சொல்லிக்கொள்ளலாம்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் தெரியுமா? 'நாளை காலை 7 மணிக்கு இந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்' என்று சொல்லலாம். லாரி வரவில்லை, மக்கள் குடத்தோடு சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் அதைச் சொல்லக் கை நடுங்கும். முதலாவது தகவல், இரண்டாவது செய்தி! நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். 'கோடையில் தண்ணீர்ச் சிக்கனம்' என்று ஒரு நிகழ்ச்சி அறிவிப்போம். பேச வருகிறவர்கள், வராத தண்ணீரை எப்படிச் சிக்கனப்படுத்துவது என்று அவர்களாகவே கேட்பார்கள். மைக் திறந்திருக்கும், நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தீவிரவாதிகள், கலவரக்காரர்கள் கையில் போய்விடும், இத்தனை நிலையத்தை யார் கண்காணிப்பது என்பது அரசுத் தரப்பின் பழைய வாதம். ஒரு காலத்தில் அதில் பாதி நியாயமாவது இருந்தது. இன்று எவன் வேண்டுமானாலும் கைப்பேசியில் உலகம் முழுக்கப் புரளி கிளப்புகிறான். முகவரியும் முத்திரையும் உள்ள ஒரு பல்கலைக்கழகம், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள், தன் தெருவில் நடந்ததைச் சொல்லக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கல்லூரி நிர்வாகங்களும் இந்த விதிக்குப் பின்னால் சௌகரியமாக ஒளிந்துகொள்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செய்தி வாசித்தால் வம்பு, பாட்டுப் போட்டால் நிம்மதி.

அண்ணன் மகன் அமெரிக்காவில் மேடிசன் நகரத்தில் இருக்கிறான். அங்கே பல்கலைக்கழக வானொலிக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறானாம். ரேடியோ கேட்கக் காசா? பையனை யாராவது ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், நங்கநல்லூர்

பையன் ஏமாறவில்லை. அவன் இருக்கிற ஊர் எது தெரியுமா? இந்தக் கதையே தொடங்கிய ஊர்களில் ஒன்று. அங்குள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் எர்ல் டெர்ரி என்று ஒரு பேராசிரியர் இருந்தார். வானொலிக்கு வேண்டிய வெற்றிடக் குழாய்களைக் கடையில் வாங்க வழியில்லாத காலம். அவரும் மாணவர்களும் ஆய்வகத்திலேயே கண்ணாடி ஊதிச் செய்தார்கள். 9எக்ஸ்எம் என்ற அழைப்புக் குறியோடு 1916-இல் மோர்ஸ் தந்தி ஒலியில் வானிலை அறிக்கை அனுப்பினார்கள். 1917-இல் மனிதக் குரலையே அனுப்பிப் பார்த்தார்கள். 1922-இல் டபிள்யூஎச்ஏ என்று பெயர் மாறியது. 1931-இல் 'விஸ்கான்சின் வான்வழிப் பள்ளி' என்று தொடங்கி, ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர் உள்ள கிராமப் பள்ளிகளுக்குப் பாட்டும் பாடமும் அனுப்பினார்கள். விவசாயிக்கு வானிலை, பிள்ளைக்குப் பாட்டு. பல்கலைக்கழக வானொலியின் வேலை என்னவென்று அப்போதே முடிவாகிவிட்டது. டெர்ரி அந்தப் பள்ளியைப் பார்க்கவில்லை, 1929-லேயே இறந்துவிட்டார்.

அங்கே எஃப்.எம். பட்டையில் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை வணிகம் சாராத கல்வி நிலையங்களுக்கென்றே ஒதுக்கிவிட்டார்கள். விளம்பரம் கிடையாது. 'இந்த நிகழ்ச்சிக்கு உதவியவர் இன்னார்' என்று நன்றி சொல்லலாம், 'வாங்குங்கள், மலிவு' என்று சொல்லக் கூடாது. அப்படியானால் மின்கட்டணம் யார் கட்டுவது? கேட்கிறவர்கள் கொடுக்கிறார்கள். வருடத்தில் சில நாட்கள் நிகழ்ச்சியை நடுநடுவே நிறுத்தி, பணம் அனுப்புங்கள் என்று வெளிப்படையாகக் கேட்பார்கள். நம் ஊரில் கோயில் திருவிழாவுக்கு வரி வசூலிப்பது போலத்தான். கொடுக்காதவரும் கேட்கலாம், ஆனால் கொடுத்தவர் கொஞ்சம் உரிமையோடு கேட்பார்.

1967-இல் சட்டம் இயற்றிக் கூட்டாட்சி அரசும் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 1970-இல் என்.பி.ஆர். என்ற தேசிய அமைப்பு உருவாகி, இந்தச் சிறு நிலையங்களுக்கு நாடளாவிய நிகழ்ச்சிகளைத் தரத் தொடங்கியது. 2025 ஜூலையில் அந்த அரசுப் பணத்தை, சுமார் 110 கோடி டாலரை, அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்துவிட்டது. பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த நிறுவனம் அடுத்த மாதமே கடையை மூடுவதாக அறிவித்தது. பெரிய நகரத்து நிலையங்கள் நேயர்கள் பணத்தில் சமாளித்துக்கொள்ளும், ஆள் குறைந்த ஊர்களுக்குத்தான் கஷ்டம். ஆகவே உங்கள் பையன் அனுப்புகிற பணத்துக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. திட்டாதீர்கள்.

எங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி தொடங்கலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு. வருமானம் வருமா என்று கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– உதவிப் பேராசிரியர், திண்டுக்கல்

வராது என்று சொல்லிவிடுங்கள். அதற்கும் கேட்டால் கணக்கைக் காட்டுங்கள். 2024-இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தினார்கள். அரசு விளம்பரத்துக்கு 10 வினாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ரூபாய் ஆனது. அதாவது நிமிடத்துக்கு 444 ரூபாய். 12 நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328. ஆகா, என்று நிர்வாகம் நிமிர்ந்து உட்காரும். நிரம்பாது! அரசு விளம்பரம் எப்போதாவதுதான் வரும், அதற்கான பணம் அதைவிடத் தாமதமாக வரும். உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர் தீபாவளிக்கு ஒரு விளம்பரம் கொடுப்பார், ஆடியில் ஒன்று. மற்ற மாதங்களில் கல்லூரிதான் கையிலிருந்து போட வேண்டும்.

அனுமதி விஷயத்தில் பொறுமை வேண்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் விண்ணப்பம், பிறகு அலைவரிசை ஒதுக்கீடு, கம்பம் நிறுத்த அனுமதி, ஒப்பந்தம், கடைசியில் உரிமம். 2006 விதிகளிலேயே பல்கலைக்கழகங்களுக்கு ஒற்றைச் சாளரம், அதாவது ஒரே இடத்தில் அனுமதி, வைத்தார்கள். தனியார் கல்லூரி என்றால் கோப்பு உள்துறை, பாதுகாப்பு, கல்வி என்று மூன்று அமைச்சகப் படியும் ஏறி வரும்.

கருவிக்குப் பயப்படாதீர்கள். ஒலிபரப்புக் கருவியின் திறன் 50 வாட், உங்கள் ஆசிரியர் அறை மின்விசிறி இழுப்பதை விடக் குறைவு. ஆன்டெனாவோடு சேர்த்து அதிகபட்சம் 100 வாட் வீச்சு, கம்பம் அதிகபட்சம் 30 மீட்டர் உயரம். ஸ்டூடியோ சுவரில் முட்டை அட்டை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம், கனமான திரையும் புத்தக அலமாரியும் அதைவிட நன்றாக வேலை செய்யும். பணத்தை நல்ல மைக்குக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் செலவழியுங்கள். அப்புறம் மிக முக்கியமான செலவு: சம்பளத்தோடு இரண்டு பேர், நிரந்தரமாக. மாணவர்கள் மூன்று வருடத்தில் போய்விடுவார்கள், மே மாதத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். விடுமுறையில் பழைய பதிவுகளையே திரும்பத் திரும்ப ஓட்டுகிற கல்லூரி வானொலிகளை நேயர்கள் ஜூனுக்குள் மறந்துவிடுவார்கள்.

திருச்சியில் கல்லூரி வானொலி 90.4. சென்னைக்கு வந்தால் அண்ணா எஃப்.எம். 90.4. பாம்பன் போனால் 'கடல் ஓசை' வானொலியும் 90.4. ஒன்றோடொன்று மோதாதா?
– வாசகர், திருச்சி

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது, அதனால் ஒரே எண்ணை ஊருக்கு ஊர் கொடுக்கிறார்கள். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், உயரமான கட்டடமும் மலையும் அதை மறைக்கும். தவறி இரண்டு அலைகள் ஒரே இடத்துக்கு வந்தாலும் பலமானது மற்றதை அமுக்கிவிடும். பழைய மீடியம் வேவ் ரேடியோ போல இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச மாட்டார்கள். தாம்பரத்தில் அண்ணா எஃப்.எம். சரியாக எடுக்கவில்லை என்று கடிதம் போட்டிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதுவே பதில். அது உங்களுக்கான நிலையம் இல்லை ஐயா, உங்கள் பக்கத்துக் கல்லூரியை ஒன்று தொடங்கச் சொல்லுங்கள்.

கல்லூரி வானொலிகள் ஏன் புதுப் பாட்டுப் போடுவதில்லை?
– வாசகி, மயிலாப்பூர்

பாட்டின் உரிமையாளருக்குப் பணம் கட்ட வேண்டும், கையில் இல்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை. பாட்டுக்குத்தான் ஊரில் இத்தனை எஃப்.எம். இருக்கிறதே. கானா பாடுகிற பையன்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களை அனுப்பி வையுங்கள்.

என் புதுக் கைப்பேசியில் எஃப்.எம். இல்லை. செயலியில் கேட்டால் போதாதா?
– கல்லூரி மாணவர், தரமணி

கேட்கலாம். ஆனால் டேட்டா தீரும். புயல் நாளில் கைப்பேசிக் கோபுரம் விழுந்தால் செயலியும் படுத்துவிடும். அப்போது பேட்டரி போட்ட சின்ன ரேடியோதான் பேசும், சென்னைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் மத்திய மின்னணுவியல் அமைச்சகமே, கைப்பேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், கட்டாயம் இல்லை. அடுத்து வாங்கும்போது கடையில் கேட்டு வாங்குங்கள். இயர்போன் செருகினால்தான் எடுக்கும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ப்ளூடூத் மாட்டிக்கொண்டு 'எடுக்கவே இல்லை' என்று எனக்கு எழுத வேண்டாம்.